உப்புக்காத்துக்கு நான் சவுண்டு போட்டேன்

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம், கடைக்குப் புதிதாக வந்த டிஜிட்டல் மிக்ஸரைப் பிரித்து மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஹாலின் எந்த மூலையில் நின்றாலும் கையிலிருக்கும் டேப்லெட்டிலேயே எல்லா மைக்கையும் ஏற்றி இறக்கலாம். நல்ல சாதனம். என் காலத்தில் இது இருந்திருந்தால் என் முழங்கால்கள் இன்னும் கொஞ்சம் உருப்படியாக இருந்திருக்கும். அப்போது கடையில் வேலை பார்க்கும் பிரகாஷ் கேட்டார், நான் சவுண்டு போட்டதிலேயே பெரிய நிகழ்ச்சி எது என்று.

மந்திரிகள் வந்த மாநாட்டையோ சினிமாக்காரர்கள் வந்த இசை இரவையோ சொல்லுவேன் என்று சுற்றி நின்ற கடைப் பையன்கள் எதிர்பார்த்திருப்பார்கள். அதெல்லாம் செய்திருக்கிறேன். ஆனால் நான் யோசிக்காமல் "உப்புக்காத்து" என்றேன். உப்புக்காற்றில் துருப்பிடித்த ஏதோ ஆம்ப்ளிஃபயரைப் பற்றிப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அது ஒரு ராக் இசைக்குழு, நம் ஊர்க்காரர்கள், தமிழில் சொந்தப் பாட்டுப் பாடினார்கள் என்று விளக்கியதும் ஆளுக்கொரு போனை எடுத்துத் தேடினார்கள். ஒன்றும் வரவில்லை. ஒரு படம்கூட இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை சரியாக ஓடாத காலத்தில் நான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் காதர் பாயின் சவுண்டு சர்வீஸ் கடையில் சேர்ந்தேன். பெட்டி தூக்கினேன், ஒயர் சுற்றினேன், எரிந்துபோன ஸ்பீக்கர்களுக்குக் காயில் மாற்றினேன். கல்யாணம், கோயில் திருவிழா, மாதா கோயில் தேர், கட்சிக் கூட்டம் என்று சில வருடங்கள் ஓடின. பிறகு ஒருநாள் பாய் என்னை மிக்ஸர் முன்னால் உட்காரச் சொன்னார். அதற்குப் பிறகு வேலை முழுக்க அந்த நாற்காலியில்தான்.

காதர் பாயைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். பிரான்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கும் பழைய சொல்தாக்கள் கடைக்கு ரேடியோ ரிப்பேருக்கு வந்தால் அவர்களோடு பிரெஞ்சில் பேசுவார். எங்களோடு பேசும்போதும் குரல் உயராது. ஊரிலேயே பெரிய சத்தம் போடும் பெட்டிகளை வைத்திருந்த மனிதர், பக்கத்தில் நின்றால்தான் கேட்கும்படி பேசுவார்.

ஹாலுக்குள் போனதும் அவர் முதலில் செய்வது, நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கை தட்டுவது. அந்தத் தட்டல் சுவரில் பட்டு எப்படித் திரும்பி வருகிறது என்று கேட்பார். பிறகு ஒவ்வொரு மைக்காக, அது ஊளையிடும் வரை ஏற்றச் சொல்வார். மைக்கில் போன சத்தம் ஸ்பீக்கர் வழியாக வந்து மறுபடி அதே மைக்குக்குள் போனால் ஒரு கூவல் வருமே, அதுதான். எந்தச் சுருதியில் கூவுகிறதோ அந்தச் சுருதியை மட்டும் குறைக்க வேண்டும். எல்லா மைக்கும் வாயை மூடிய பிறகுதான் ஆட்களை மேடைக்கு விடுவார். நிகழ்ச்சி தொடங்கியதும் கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். சவுண்டு சரியாக இருந்தால் அங்கே ஒரு நாற்காலியை இழுத்து உட்காருவார். சரியில்லை என்றால் நின்றுகொண்டே இருப்பார். திட்ட மாட்டார். மேடையைப் பார்த்தபடி நிற்பார், அவ்வளவுதான். நான் மிக்ஸரிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்து வியர்த்துப்போவேன்.

யாராவது தன் சத்தத்தை ஏற்றச் சொன்னால், ஏற்றுவதற்கு முன்னால் எதை இறக்கலாம் என்று பார்க்கச் சொல்வார். அது எனக்குப் பிடிபட வெகுகாலம் ஆயிற்று.

உப்புக்காத்து எங்கள் கடைக்கு வந்தது கேசட்டுகள் ஓடிய காலத்தில். முதலில் இருவர் வந்தார்கள். ஒருத்தி பிலோமினா, எல்லோருக்கும் பிலோ. குருசுக்குப்பத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர். கோயில் பாடகர் குழுவில் பாடிப் பழகிய குரல், ஆனால் கோயிலில் பாடுகிற குரல் இல்லை. அடிவயிற்றிலிருந்து கொஞ்சம் மணலோடு வரும். இன்னொருவன் தேவராஜ். சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் தகடு அடிக்கும் பிரஸ் பிரிவில் வேலை. கிதார் வாசிப்பான், பாட்டும் அவன்தான் எழுதுவான். பேஸ் கிதாருக்கு அந்துவான், டிரம்ஸுக்கு அரியாங்குப்பத்து முத்து. அந்துவானின் அப்பா பிரான்சு ராணுவத்தில் இருந்தவர். அவர்கள் வீட்டுப் பின்பக்கத்துக் கார் ஷெட்டில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி. கிதாரும் டிரம்ஸும் இருந்தன, ஸ்பீக்கர் கிடையாது. அதற்காகத்தான் கடைக்கு வந்திருந்தார்கள்.

பாய் அவர்களை ஷோரூமிலேயே ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னார். பிலோ மைக்கைப் பிடித்து, வலையை உலர்த்திவிட்டுக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒரு மனைவியைப் பற்றிப் பாடினாள். இரண்டாவது அடியில் தேவராஜின் கிதார் ஒரு மரம் முறிகிற மாதிரி உள்ளே வந்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பாய் கடைசி வரை கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, இனி ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்களோடு போ என்றார். பாட்டு அவருக்குப் பிடித்ததா இல்லையா என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

ஊரில் அவர்களை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஓட்டல்காரர்கள் ஆங்கிலப் பாட்டுக் கேட்டார்கள். கல்லூரிகளில் சினிமாப் பாட்டுக் கேட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு வீணையும் பரதமும்தான் காட்ட வேண்டும் என்று விழா நடத்துகிறவர்கள் நினைத்தார்கள். மீன்காரியையும் ஷிப்டையும் பற்றி எலெக்ட்ரிக் கிதாரோடு தமிழில் பாடினால் எந்த வரிசையில் சேர்ப்பது என்று யாருக்கும் புரியவில்லை. அவர்களும் யாருக்காகவும் மாற்றிக்கொள்ளவில்லை. கிடைத்த மேடையில் ஏறினார்கள், தங்கள் பாட்டையே பாடினார்கள்.

சிக்கல் ஒரு கல்லூரி விழாவில் தொடங்கியது. தேவராஜ் தன் மானிட்டரை ஏற்றச் சொல்லிக் கை காட்டிக்கொண்டே இருந்தான். மானிட்டர் என்பது மேடையில் வாசிப்பவர்களைப் பார்த்து வைக்கும் ஸ்பீக்கர், தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்க வேண்டும் என்பதற்காக. நான் ஏற்றினேன். அவன் பின்னாலிருந்த கிதார் ஆம்ப்ளிஃபயரையும் தானே முறுக்கிக்கொண்டான். கிதார் ஏறியதும் முத்து பலமாக அடிக்க, அந்துவானும் ஏற்றினான். பிலோவுக்குத் தன் குரலே கேட்கவில்லை, கத்திப் பாடினாள். மூன்றாவது பாட்டில் தொண்டை கட்டிவிட்டது. மாணவர்கள் எழுந்து போக ஆரம்பித்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். பாய் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் கடையில் ஒயர்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணு வாய் அசையறது தெரிஞ்சுது தம்பி. வார்த்தை வரல."

எல்லோரும் ஏற்றிக்கொண்டே போகிறார்கள், நான் என்ன செய்ய என்று கேட்டேன்.

"எல்லாரும் ஒண்ணா ஏத்த மாட்டாங்க. ஒருத்தரு ஏத்துவாரு, மத்தவங்க பின்னாடி போவாங்க. மொதல்ல ஏத்தறது யாரு, ஏன் ஏத்தறாருன்னு பாரு."

யார் என்பது எனக்குத் தெரியும். ஏன் என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமை கார் ஷெட்டில் தெரிந்தது. பிலோ மைக்கை எடுத்துக்கொண்டு ஸ்பீக்கருக்கு முன்னால் போய்விட்டாள். ஊசிபோல் ஒரு கூவல். முத்து குச்சியைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்தினான். அந்துவான் முகத்தைச் சுளித்தான். வீட்டுக்குள்ளிருந்து அவன் அம்மா எட்டிப் பார்த்தார். தேவராஜ் மட்டும் வலது காதைக் கிதார் மரத்தோடு ஒட்டிவைத்து, குனிந்த தலை நிமிராமல் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் காதிலிருந்து கையை எடுத்த பிறகுதான் என்ன என்பதுபோல நிமிர்ந்து பார்த்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. இடது பக்கம் நின்று பேசினால் அவன் பதில் சொல்ல மாட்டான். பேசுகிறவர்களை எப்போதும் வலது பக்கம் வரும்படி திரும்பிக்கொள்வான். கிதாரில் கீச்சுச் சத்தத்தையே கூட்டச் சொல்வான், எங்களுக்கோ அது ஏற்கெனவே பல் கூசும்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் ஸ்பீக்கரைச் சோதிக்கத் தெரியும். கடையில் டோன் ஜெனரேட்டர் என்று ஒரு சிறு பெட்டி இருந்தது, வேண்டிய சுருதியில் சீராக ஓசை கொடுக்கும். அதைப் பாயிடம் கேட்டு எடுத்துப் போனேன். பெட்டிகளைச் சரிபார்க்கப் போகிறேன், ஒரு காதைப் பொத்திக்கொண்டு மாற்றி மாற்றிக் கேளுங்கள், கேட்டால் கை தூக்குங்கள் என்று நால்வரிடமும் சொன்னேன். தாழ்ந்த ஓசைக்கு எல்லோரும் தூக்கினார்கள். மேலே போகப் போக, வலது காதைப் பொத்தியிருந்தபோது தேவராஜ் கை தூக்கவில்லை. மற்றவர்கள் தூக்குவதைப் பார்த்ததும் தானும் தூக்கினான். அது எனக்குப் போதுமாயிருந்தது.

அந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு கேசட் கம்பெனிக்காரர் வருவதாக ஆனது. அந்துவானின் உறவினர் ஒருவர் மூலம் ஏற்பாடு. கடற்கரைப் பக்கத்து ஹாலில் ஒரு சனிக்கிழமை மாலை நிகழ்ச்சி. அவர் வந்து கேட்பார், பிடித்தால் கேசட் போடுவார். பிலோ வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது நடந்தால் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கலாம் என்று அவள் நம்பினாள். முத்து லாரி கம்பெனியில் வேலைக்குச் சேருவதைத் தள்ளிப் போட்டான். நால்வருக்கும் அதைவிடப் பெரிய வாய்ப்பு வரப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சேதராப்பட்டுக்குப் போனேன். தொழிற்சாலை வாசலுக்கு எதிரே டீக்கடை. உள்ளே பிரஸ் இறங்கும்போதெல்லாம் டீ கிளாஸில் வளையம் வளையமாக அலை எழுந்தது. ஷிப்ட் முடிந்து தேவராஜ் வெளியே வந்தான். அவன் வலது பக்கம் உட்கார்ந்தேன்.

சுற்றி வளைக்கவில்லை. இடது காது சரியாகக் கேட்கவில்லை, உனக்குத் தெரியுமா என்றேன். அவன் டீயை ஊதி ஊதிக் குடித்தான். பிறகு, "தெரியும்," என்றான். "ரெண்டு வருசமா இப்டித்தான். மொதல்ல வூட்ல கடியாரம் நின்னுபோச்சுன்னு நெனச்சேன்."

டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டேன். காட்டினால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தில் காட்டவில்லையாம். மற்ற மூவருக்கும் சொல்ல வேண்டாம், கம்பெனிக்காரர் கேட்டுவிட்டுப் போகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கெஞ்சினான்.

"நீ இப்ப வாசிக்கிற மாதிரி வாசிச்சா அந்தாளுக்கு உன் கிதார் மட்டுந்தான் கேக்கும் தேவா. பிலோ பாடறது கேக்காது. நீ எழுதுனது ஒரு வார்த்தகூட அவருகிட்ட போவாது."

அவன் முகம் மாறிவிட்டது. சவுண்டு போடுகிறவன் சவுண்டைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று சொல்லிவிட்டு, பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனான்.

எனக்கும் கோபம்தான். ஆனால் போய் மற்றவர்களிடம் சொல்லவில்லை. அது அவன் சொல்ல வேண்டியது. சொல்லாவிட்டால் என்ன செய்வேன் என்பதையும் முடிவு செய்து வைத்திருந்தேன்: அந்த நிகழ்ச்சிக்கு நான் மிக்ஸரில் உட்கார மாட்டேன். பாயிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னபோது அவர் என்னை அவசரப்படுத்தவில்லை. வருவான் என்றார்.

வந்தான். வியாழக்கிழமை மத்தியானம், வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கடைக்கு வந்தான். என்னைப் பார்க்காமல் ஸ்பீக்கர்களைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"எறக்கினா எனக்கு ஒண்ணும் கேக்காதே. எப்டி வாசிப்பேன்?"

இப்படி ஒரு கேள்வியை அவன் கேட்டதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. ஏனென்றால் அதற்குப் பதில் இருந்தது. ஒரு தாளில் மேடையை வரைந்து காட்டினேன். இதுவரை அவன் முத்துவுக்கு இடது பக்கம் நின்றான், டிரம்ஸும் சிம்பலும் அவனுடைய நல்ல காதில் விழுந்து, தன் கிதாரையே மறைத்தன. இடத்தை மாற்றினால் டிரம்ஸ் கேட்காத காதின் பக்கம் போய்விடும். ஆம்ப்ளிஃபயர் தரையில் இருந்ததால் அதன் சத்தமெல்லாம் முழங்காலுக்குப் பின்னால் போய் ஹாலில் விழுந்தது. அதை நாற்காலிமேல் ஏற்றி, வலது காதைப் பார்த்துத் திருப்பி வைத்தால் பாதி சத்தம் போதும். பிலோவின் குரலை அவன் மானிட்டரில் தனியாகக் கொடுக்கிறேன். அடி எடுக்கும் இடமும் நிறுத்தும் இடமும் தெரியாவிட்டால் பிலோ இடுப்பில் கை வைத்துக் காட்டட்டும். ஆனால் அதற்கு அவளுக்கு விஷயம் தெரிய வேண்டும்.

அன்று சாயங்காலமே கார் ஷெட்டில் அவனே சொன்னான். நான் மூலையில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். முத்து, "பின்னாலேர்ந்து கூப்பிட்டா திரும்பவே மாட்டான், தலைக்கனம்னு நெனச்சிட்டிருந்தேன்," என்றான். அந்துவானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேவராஜும் சிரித்தான். பிலோ சிரிக்கவில்லை. எழுந்துபோய் அவனுடைய வலது பக்கத்தில் நின்றுகொண்டு, முதல் பாட்டிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றாள்.

வெள்ளிக்கிழமையும் பயிற்சி செய்தார்கள். முதலில் தேவராஜ் தடுமாறினான். பழக்கதோஷத்தில் கை ஆம்ப்ளிஃபயர் பக்கம் போகும், பாதியில் நிறுத்திக்கொள்வான். சத்தம் இறங்கியதும் இதுவரை மூடிக்கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. அந்துவான் எவ்வளவு நுணுக்கமாக வாசிக்கிறான் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

சனிக்கிழமை ஹாலில் நான் ஒரு தடவை கை தட்டிப் பார்த்தேன். பின்சுவர் மோசம், சத்தத்தை அப்படியே திருப்பி அடித்தது. பாய் வீட்டிலிருந்து பழைய ஜமுக்காளங்களைக் கொண்டுவந்து சுவரில் தொங்கவிட்டோம். மைக்குகளை ஒவ்வொன்றாக அடக்கினேன். சாயங்காலம் கூட்டம் பாதி ஹால்தான். குருசுக்குப்பத்திலிருந்து பிலோவின் ஆட்கள் கொஞ்சம் பேர், தொழிற்சாலைக்காரர்கள் கொஞ்சம் பேர், அந்துவான் வீட்டுச் சொந்தங்கள். கம்பெனிக்காரர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்.

முதல் பாட்டு. பிலோ வாயைத் திறந்தாள். ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக வந்தது. தேவராஜ் அவள் கையைப் பார்த்துக்கொண்டே, அவள் இடுப்பில் கை வைத்த அந்த நொடியில், சரியாக உள்ளே வந்தான். சத்தம் குறைவாக இருந்ததால் அந்த கிதார் வந்து விழுந்தபோது பெரிதாக இருந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு மீனவப் பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டாவது பாட்டு பாதியில் எனக்குப் பின்னால் தூரத்தில் ஒரு நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பாய் உட்கார்ந்துவிட்டார் என்று தெரிந்தது.

எத்தனையோ பெரிய மேடைகளுக்குச் சவுண்டு போட்டிருக்கிறேன். அந்தப் பாதி ஹாலில் நான் போட்டதுதான் என் வேலையிலேயே நல்ல வேலை. இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

கம்பெனிக்காரர் மறுநாள் காலையில் நால்வரையும் தான் தங்கியிருந்த ஓட்டலுக்குக் கூப்பிட்டார். என்னையும் அழைத்துப் போனார்கள். நன்றாக இருந்தது என்றார், மனமாரத்தான் சொன்னார். கிதார்காரர் ஏன் பாடுகிறவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று கேட்டார். தேவராஜ் மறைக்கவில்லை. அவர் அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டு, பிலோவுக்கு மட்டும் வாய்ப்புத் தருவதாகச் சொன்னார். வாத்தியத்துக்குச் சென்னையில் ஆள் இருக்கிறார்கள், பாட்டும் அங்கேயே எழுதிக்கொள்ளலாம் என்றார். காது காரணமில்லை, நான்கு பேரைக் கொண்டுவந்து தங்கவைத்துப் பாட்டுப் பதிவு செய்வது நடக்காது என்பதுதான் காரணம் என்றும் சொன்னார். அதில் பொய் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பிலோ முடியாது என்று எழுந்துவிட்டாள். வெளியே வந்ததும் தேவராஜ்தான் அவளிடம் சண்டை போட்டான். "எனக்காவ நீ நிக்கிறன்னா நான் இனிமே கிதார தொட மாட்டேன். போய் பாடிட்டு வா," என்றான். அவள் அழுதாள். பிறகு போனாள்.

சென்னையில் ஒரு மாதம்போல் இருந்தாள். ஒரு கேசட் வந்தது. அட்டையில் அவள் முகம், உள்ளே காதல் பாட்டுகள். விற்கவில்லை. அவள் திரும்பி வந்தபோது நான் பஸ் நிலையத்துக்குப் போயிருந்தேன். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நல்லாத்தான் பாத்துக்கினாங்க சேகரண்ணே. எனக்குத்தான் அங்க பாட வரல. கண்ணாடி ரூமுக்குள்ள நின்னு பாடறேன், கைய எங்க வெச்சிக்கிறதுன்னே தெரியல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கார் ஷெட்டுக்கு வந்துவிட்டாள்.

இதற்கிடையே தேவராஜை நான் காது டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தேன். இடது காதில் போனது போனதுதான், திரும்பாது என்றார் டாக்டர். வலது காதைக் காப்பாற்ற வேண்டுமானால் பிரஸ் பக்கமே போகக்கூடாது. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு தொழிற்சாலையில் போய் நின்றான். மேலாளர் இழுத்தடித்தார். யூனியன்காரர்கள் அவனோடு நின்றார்கள். கடைசியில் பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். அவன் வாயைத் திறந்த பிறகு பிரஸ் பிரிவிலிருந்து மேலும் பலர் தங்கள் காதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். எல்லோருக்கும் காது அடைப்பான் கொடுக்க நேர்ந்தது. வலது காது அவனுக்கு இன்றைக்கும் நன்றாகக் கேட்கிறது. அன்று டீக்கடையில் நான் பேசியதில் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. மறுபடி அந்த நாள் வந்தாலும் அதையேதான் பேசுவேன்.

உப்புக்காத்து அதற்குப் பிறகும் சில வருடங்கள் வாசித்தது. சத்தத்தைக் குறைத்தே வாசித்தார்கள். ராக் என்றால் சன்னல் அதிர வேண்டும் என்று நினைத்தவர்கள் ஏமாந்து போனார்கள். கூட்டம் எப்போதும் சிறியதுதான். கடைப் பின்னறையில் நானே பதிவு செய்த ஒரு கேசட்டைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். பிறகு அந்துவான் பிரான்சுக்குப் போனான். முத்துவுக்குக் குழந்தைகள் பிறந்தன. பிலோ, தான் விரும்பியவரையே கட்டிக்கொண்டு, ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சரானாள். சண்டை எதுவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரும் கார் ஷெட்டுக்கு வரவில்லை, அவ்வளவுதான். காதர் பாய் தன் கடைசிக் காலத்தில் என்னிடம் இரண்டு தடவை கேட்டார், அந்தப் பெண் இப்போது எங்கே பாடுகிறாள் என்று. அப்போதுதான் அவருக்குப் பாட்டுப் பிடித்திருந்தது எனக்குத் தெரிந்தது.

இதெல்லாம் முடிந்த கதை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போன வருடம் சேதராப்பட்டில் பெண் தொழிலாளர்கள் நடத்திய ஒரு கூட்டத்துக்குச் சவுண்டு போடப் போனேன். மாலை வேளை, சின்னப் பந்தல். காலை ஷிப்ட் பஸ் சரியாக வருவதில்லை, அதற்காகக் கூட்டம். பேச்செல்லாம் முடிந்த பிறகு சுடிதாரின் மேல் கம்பெனிக் கோட்டுப் போட்ட ஒரு பெண் மைக்குக்கு வந்தாள். பாடட்டுமா என்று யாரையும் கேட்கவில்லை, பாட ஆரம்பித்துவிட்டாள்.

"பஸ்சு வருது பஸ்சு வருது பாதித் தூக்கம் ஏத்திக்கோ..."

அது தேவராஜ் எழுதிய பாட்டு. குழுவில் யாரும் அதைப் பெரிதாக மதித்ததில்லை. மேடையில் கிதார் கம்பி அறுந்தால் மாற்றும்வரை நேரம் கடத்த பிலோவும் முத்துவும் மட்டும் பாடுவார்கள். பந்தலில் இருந்த பெண்கள் எல்லோரும் சேர்ந்து பாடினார்கள், கையைத் தட்டி, பிளாஸ்டிக் நாற்காலி முதுகில் தாளம் போட்டு. எல்லோருக்கும் முழுப் பாட்டும் தெரிந்திருந்தது.

பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெண்ணிடம் இது என்ன பாட்டு என்று கேட்டேன். "இது எங்க கம்பெனி பாட்டு சார். எங்கம்மா வேலைக்கி வந்தப்பவே பஸ்ல பாடுவாங்களாம்," என்றாள். நான் பின்னறையில் பதிவு செய்த கேசட்டின் கடைசியில் இந்தப் பாட்டும் இருந்தது, அதில் ஒன்றைத் தேவராஜ் அப்போது ஷிப்ட் பஸ் ஓட்டுநருக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

நான் போனை எடுத்து அவனைக் கூப்பிட்டேன். ஒன்றும் சொல்லாமல் போனை ஸ்பீக்கர் பக்கம் நீட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துக் காதில் வைத்துப் பார்த்தேன், மூச்சு மட்டும் கேட்டது. பாட்டை எழுதியது யாரென்று மைக்கில் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"நடுவுல நிறுத்தாத," என்றான்.

பாட்டு முடிந்தது. கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தான்.

"ரெண்டாவது வரி நான் எழுதுனது இல்ல சேகரு. 'மீதித் தூக்கம் வூட்ல இருக்கு, நாளைக்கி வந்து பாத்துக்கோ'ன்னு எழுதியிருந்தேன். இவங்க இன்னா பாடறாங்க?"

"மீதித் தூக்கம் மிஷினுகிட்ட, மேனேஜரே பாத்துக்கோ," என்றேன்.

அவன் அதை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். பிறகு சிரிக்கிற சத்தம் கேட்டது, போன் நெடுக.

"எனக்கு ஏன்டா இது தோணல. இன்னொரு வாட்டி பாட சொல்றியா?"

நான் எழுந்து பந்தலுக்கு முன்னால் போனேன். அந்தப் பெண் மைக்கை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை பாடுவியாம்மா என்று கேட்டேன். யாருக்காக என்று அவள் கேட்கவில்லை. பாட்டிலை மூடி வைத்துவிட்டு மைக்கை எடுத்தாள்.